சாலையோர வகுப்பறை

நேயர்களுக்கு வணக்கம்.

சாலையை ஒட்டிய தொடக்கப் பள்ளி. இரண்டாம் வகுப்பில் சொல்வதை எழுதுதல் நடக்கிறது. ஆசிரியை 'பள்ளம்' என்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி ஏர் ஹாரனை அலறவிட்டுப் போகிறது. முன்வரிசைப் பிள்ளைகள் அவர் வாயசைவைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். பின்வரிசையில் ஒருவன் 'வெள்ளம்' என்று எழுதுகிறான். இன்னொருத்தி பக்கத்துச் சிலேட்டை எட்டிப் பார்க்கிறாள். பார்த்தெழுதியவளுக்குத் திட்டு விழுகிறது. லாரிக்கு விழுவதில்லை.

பாதிச் சொல் காதில் விழுந்தாலும் மீதியைப் பெரியவர்கள் ஊகித்துக்கொள்வோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லே புதிது. எதை வைத்து ஊகிக்கும்?

நியூயார்க்கில் உயர்த்திக் கட்டிய ரயில் பாதையை ஒட்டி ஒரு பள்ளி. உளவியலாளர் ஆர்லின் பிரான்சாஃப்ட் 1975இல் வெளியிட்ட ஆய்வு அதைப் பற்றியது. ஒரே கட்டடம்தான், ஆனால் ரயில் பக்க அறைகளில் படித்தவர்கள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அந்த இடைவெளி ஏறக்குறைய ஓராண்டு! பின்னர் தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகளும், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளும் பொருத்தினார்கள். 1981இல் வந்த அடுத்த ஆய்வில் அந்த வேறுபாடு காணோம்.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பள்ளியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலம் ஆக்க வழி செய்கின்றன. அங்கே பகல் வரம்பு 50 டெசிபல். ஹாரன் தடை செய்த இடத்தில் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் சட்டத் திருத்தமும் வந்தது. ஆனால் காலை ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். பிள்ளையை இறக்கிவிட வந்த பெற்றோரே முன்னால் நிற்கும் ஆட்டோவைப் பார்த்து விடாமல் அடிக்கிறார்கள்.

ஜன்னலைச் சாத்தலாமே என்பார்கள். பங்குனி வெயிலில், நாற்பது பிள்ளைகள் உள்ள அறையில் சாத்திப் பார்க்கட்டும்.

அபராதச் சீட்டு வரும்போது வரட்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை இன்றே பின்கட்டுக்கு மாற்றலாம். சாலைப் பக்கத்து அறைகளைச் சாமான் வைக்கவும் அலுவலகத்துக்கும் கொடுத்துவிடலாம். தலைமையாசிரியரின் மேசை ஜன்னலோரம் வந்துவிட்டால், காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய மனுவும் சீக்கிரம் போகும்.

வணக்கம்.