39 இலக்கங்களும் மூன்று வருட ஞாயிறுகளும்

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, வரவேற்புரையில் என்னை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்ட செயலாளர் அவர்களே, அவசர வேலை இருந்தும் எனக்காக உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்று ஒரே ஒரு எண்ணைப் பற்றிப் பேசப்போகிறேன். இரண்டின் 127ஆம் அடுக்கில் ஒன்றைக் கழியுங்கள்: 170141183460469231731687303715884105727. மொத்தம் 39 இலக்கம். இது பகா எண் என்று 1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூகா நிறுவினார். கணினி கிடையாது, கையால் போட்ட கணக்கு. 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதையும் உலகம் அறியவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அதுதான்.

இரண்டு செய்திகள் சொல்கிறேன். பகா எண்ணா என்று சோதிக்கும் முறை ஒன்று, இதே வகை எண் ஒன்றின் கதை மற்றொன்று.

லூகாவின் வழியைப் பின்னால் லேமர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் எளிமையாக்கினார். சின்ன எண் 127ஐ எடுப்போம். அது இரண்டின் 7ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 4இல் தொடங்கி, வர்க்கம் கண்டு, 2 கழித்து, 127ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; அந்த மீதிக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான அடியில் பூஜ்யம் வந்தால் அது பகா எண். 14, 67, 42, 111, அப்புறம் 0. அடுக்கு 7, ஐந்தாவது அடியில் பூஜ்யம் விழுந்தது. 127 பகா எண்! நம் 39 இலக்க எண்ணுக்கு இதே போல 125 அடி.

சரி, இங்கே ஒரு கதை சொல்லியே ஆகவேண்டும். இரண்டின் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணும் பகா எண்தான் என்று 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதி வைத்தார். இல்லை என்று லூகா காட்டினார். ஆனால் எந்த எண்கள் அதை வகுக்கும் என்று யாருக்கும் தெரியாது. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் என்பவரின் முறை வந்தது. எழுந்தார், கரும்பலகைக்குப் போனார். வாயே திறக்கவில்லையாம். இரண்டை அடுக்கிக்கொண்டே போய், ஒன்றைக் கழித்து, 147573952589676412927 என்று எழுதினார். பக்கத்திலேயே 193707721ஐ 761838257287ஆல் வரிவரியாகப் பெருக்கினார். அதே விடை! சாக்கட்டியை வைத்துவிட்டுப் பேசாமல் வந்து உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டியது என்பார்கள். எத்தனை நாள் பிடித்தது என்று பின்னால் கேட்டதற்கு, "மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம். எறும்பு ஊரக் கல்லும் தேயும்!

அந்தக் கோலை நம் தேர்வு அறையில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? மணி அடித்ததும் தாளைப் பிடுங்கிக்கொள்வோம். மெதுவாக யோசிக்கும் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று முத்திரை குத்துகிறோமே, மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இத்தனை காலமாக மேடைதோறும் கேட்கிறேன்: ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு கணக்கையாவது கால வரம்பில்லாமல் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், மாதக்கணக்கில் மல்லுக்கட்டட்டும், தப்பான வழிகளுக்கும் மதிப்பெண் போடுங்கள்.

முதல்வர் அவர்களே, கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.