பெயர் தெரியட்டும், வீட்டு இலக்கம் வேண்டாம்

சபையோருக்கு வணக்கம்.

தேர்தலுக்குக் காசு கொடுத்தவர் யாரென்று ஊருக்குத் தெரிய வேண்டுமா? கொழும்புத் தமிழருக்கு இது வெறும் சட்டக் கேள்வி அல்ல. 1983 ஆடியில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதே நகரத்தில் காடையர்கள் நம் வீடுகளைத் தேடி வந்தார்கள். பெயரும் முகவரியும் ஒரே தாளில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது நமக்குப் பட்டுத் தெரிந்தது.

அதற்காகப் பெயரையே மறைத்துவிட முடியாது. இந்தியாவில் இருந்த தேர்தல் பத்திரத்தைப் பாருங்கள்; வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் பத்திரம் அது. கொடுத்தவர் யாரென்று வாக்காளருக்குத் தெரியாமல் இருந்தது. பத்திரத்தை விற்றதோ அரச வங்கி. ஒவ்வொன்றிலும் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் இலக்கம் வேறு. மக்களுக்கு மறைத்ததை அரசு தேடி அறிய இடம் இருந்தது. 2024 பெப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்துச் செய்தது சரியே.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் நன்கொடை, செலவு விபரங்களைக் கொடுக்க வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளரின் செலவுக்கு, வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள்; மொத்தம் 186 கோடிக்கு மேல். இவ்வளவு காசு யார் கொடுத்தது என்பது வாக்குப் போட்ட பிறகுதான் தெரிய வருகிறது. இந்தக் குறை திருத்தப்பட்டே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் 200 டொலருக்கு மேல் கொடுத்தால் பெயர், முகவரி, தொழில், வேலை கொடுப்பவர் எல்லாம் பதிவாகும். அந்தப் பட்டியலை வைத்து வேறு யாரும் நன்கொடை கேட்கக் கூடாது. பட்டியலைத் திருடிப் பயன்படுத்துபவரைப் பிடிக்க ஒவ்வோர் அறிக்கையிலும் 10 பொய்ப்பெயர் வரை சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது; அந்தப் பெயருக்குக் கடிதம் வந்தால் களவு தெரிந்துவிடும். பிரித்தானியாவில் பெருந்தொகை கொடுத்தவரின் பெயர் வெளியாகும். தனிநபரின் வீட்டு முகவரி வெளியாகாது. நமக்குப் பொருந்துவது இந்த வழிதான்.

கட்சிப் பொருளாளர்கள் இன்றே தொடங்கலாம். இரண்டு பதிவேடு வையுங்கள். முதலாவதில் பெயர், தொகை, திகதி, பற்றுச்சீட்டு இலக்கம். முகவரி, அடையாள அட்டை, தொலைபேசி எல்லாம் இரண்டாவதில். அது பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும், திறப்பு ஒருவரிடம் மட்டும். பற்றுச்சீட்டு இலக்கமே இரண்டையும் இணைக்கும். வழக்கமாக நடக்கும் பிழை, அடையாள அட்டைப் பிரதியைப் பற்றுச்சீட்டோடு பின் அடித்து அப்படியே கோப்பில் போடுவது. அந்தக் கோப்பைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அதைவிடப் பெரிய பிழை. அரசியல் கருத்தைக் காட்டும் தரவை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட வகையாக வைத்திருக்கிறது. ஆகவே நன்கொடை விபரம் கொடுக்கும்போது, படிவம் கேட்காத எதையும் இணைக்காதீர்கள்.

ஒரு முதலாளியின் காசைக் கடைப் பொடியன்கள் பத்துப் பேரின் பெயரில் உடைத்துப் போடவும் வேண்டாம். ஒரே திகதி, ஒரே தொகை, அடுத்தடுத்த பற்றுச்சீட்டு: கணக்குப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். லொறியோ ஒலிபெருக்கியோ இலவசமாகக் கிடைத்தால், அன்றைய வாடகையை விசாரித்து, கொடுத்தவர் பெயரில் அன்றே எழுதிவிடுங்கள்.