விண்ட்சர்: ஆள் குடியிருக்கும் கோட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

பூட்டிக் கிடக்கும் வீடு எவ்வளவு சீக்கிரம் பாழாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மழைக்காலம் போதும். ஓடு நழுவும், கரையான் ஏறும். கோட்டைக்கும் இதே கதிதான். இங்கிலாந்தில் எத்தனையோ கோட்டைகள் இன்று மொட்டைச் சுவராக நிற்கின்றன. லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் விண்ட்சர் கோட்டையோ 900 ஆண்டுகளாக அரச குடும்பத்தின் வீடாகவே இருந்துவருகிறது. அது நிலைத்ததற்குக் கல்லின் உறுதியைவிட, உள்ளே ஆள் இருந்ததுதான் காரணம் என்பது என் கட்சி.

1070 வாக்கில் வில்லியம் மன்னர் தொடங்கியபோது அது மண்மேடும் மரவேலியும்தான். லண்டனைச் சுற்றி அமைத்த காவல் வளையத்தில் ஒன்று. முதலாம் ஹென்றி காலத்தில் அரசர் குடிவந்தார். இரண்டாம் ஹென்றி மரத்தைக் கல்லாக மாற்றினார். அங்கேயே பிறந்த மூன்றாம் எட்வர்ட் அதை மாபெரும் அரண்மனையாக்கினார். தூரத்திலிருந்தே கண்ணில் படும் வட்டக் கோபுரத்தின் மேற்பகுதி 19ஆம் நூற்றாண்டில் உயர்த்திக் கட்டியது. வந்தவர் ஒவ்வொருவரும் கை வைத்தார்கள். கை வைத்ததால்தான் பழுதும் பார்த்தார்கள்.

1992 நவம்பர் 20. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. தனி வழிபாட்டு அறையில் ஒரு விளக்கின் சூடு திரைச்சீலையில் பற்றியது. 15 மணி நேரம் எரிந்தது. 100க்கு மேற்பட்ட அறைகள் சேதம். மின்கம்பிகளை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்ததால் எரிந்த பகுதியிலிருந்த கலைப்பொருள்கள் பலவற்றை முன்பே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மிச்சத்தை ஊழியர்களும் படைவீரர்களும் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். பாருங்கள், ஆள் இருந்தார்கள்!

அப்புறம், செலவு யாருடையது என்று நாடே சண்டை போட்டது. வரிப்பணத்தைத் தொடக்கூடாது என்றார்கள் மக்கள். அதனால்தான் 1993இல் பக்கிங்ஹாம் அரண்மனையைக் கோடைக்காலத்தில் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சீரமைப்புக்கான 3 கோடியே 65 லட்சம் பவுண்டில் பெரும்பங்கு இப்படி வந்த நுழைவுக் கட்டணம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது புனித ஜார்ஜ் மண்டபத்தின் புதுக் கூரை. எரிந்துபோன பழைய கூரையை அப்படியே நகலெடுக்கவில்லை. பதப்படுத்தாத பச்சை ஓக் மரத்தை இழைத்து, இடைக்காலத் தச்சர்களைப் போலவே கூரை கட்டினார்கள். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும். அதைக் கணக்கில் வைத்தே மூட்டுகளைச் செதுக்கினார்கள். 1997 நவம்பர் 20க்குள், சரியாக ஐந்தே ஆண்டில், வேலை முடிந்தது.

சரி, நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள். பூங்காவைப் பற்றி நான் வைத்திருந்ததெல்லாம் ஓரிரு வரியாகச் சுருங்கிவிட்டது. இரண்டாம் சார்லஸ் தொடங்கிய நெடுவழி நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நேராக ஓடும். அவர் நட்ட எல்ம் மரங்கள் போய், இப்போது வேறு மரங்கள் நிழல் தருகின்றன. அதையடுத்த பெரும்பூங்கா பழைய அரச வேட்டைக்காடு. அங்குள்ள சில ஓக் மரங்கள் கோட்டையின் வயதை ஒட்டியவை. பட்ட மரங்களையும் விட்டுவைக்கிறார்கள், உளுத்த மரத்தில் மட்டுமே வாழும் அரிய வண்டுகளுக்காக. அந்த வண்டுகளைப் பற்றி மறுபடி அழைத்தால் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.