புது ஐரிஸுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

வணக்கம், நேயர்களே. இங்கே பிரித்தானியாவில் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "அமெரிக்காவில் ஐரிஸ் பூச்செடியின் ஒரேயொரு கிழங்குக்கு 60, 70 டாலர் கேட்கிறார்களே, இது அநியாயம் இல்லையா?" இல்லை என்பதுதான் என் பதில். அந்த 70 டாலர் கிழங்கைத் தாராளமாக வாங்கலாம். அதே பண்ணையின் 8 டாலர் கிழங்கைக் கடல் தாண்டி வரவழைப்பதுதான் வீண்செலவு.

முதலில் அந்த 70 டாலர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நான் சொல்வது தாடி ஐரிஸ், அதாவது கீழ் இதழ்களில் தாடி போல மயிர் உள்ள ஐரிஸ், அதிலும் உயரமான தண்டுடைய வகை. இரண்டு செடிகளைக் கலந்து, விதை எடுத்து, அது முளைத்துப் பூக்கவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். நூற்றுக்கணக்கான நாற்றுகளில் பெரும்பாலானவை குப்பைக்குத்தான் போகும். தேறிய ஒன்றிரண்டைப் பல ஆண்டுகள் கவனித்து, விற்கும் அளவுக்குப் பெருக்க வேண்டும். ஐரிஸ் இஞ்சியைப் போலக் கிழங்கிலிருந்து பக்கக் கிழங்கு விட்டே பெருகுகிறது. அறிமுக ஆண்டில் கையிருப்பு மிகக் குறைவு. பிறகு ஒவ்வொரு ஆண்டும் பெருகப் பெருக விலை இறங்கிக்கொண்டே வரும். பல ஆண்டுகள் கழிந்தால் அதே வகை பத்து டாலருக்கு வந்துவிடும்.

தாடி ஐரிஸ் வகைகளுக்குக் காப்புரிமை எடுப்பது அமெரிக்காவில் அரிது. ஒருமுறை விற்றுவிட்டால், வாங்கிய பண்ணைக்காரரும் பெருக்கி விற்கலாம்; உருவாக்கியவருக்கு அதில் ஒரு காசும் வராது. ஆகவே முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் விலைதான் அவருடைய பத்தாண்டு உழைப்புக்கான கூலி. இது புதிய வழக்கமும் இல்லை. டெவனில் வாழ்ந்த ஆர்தர் ப்ளிஸ் உருவாக்கிய 'டொமினியன்' 1917இல் விற்பனைக்கு வந்தபோது ஒரு கிழங்கு 5 கினி, அதாவது ஐந்து பவுணுக்குச் சற்று மேல். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. ஆனாலும் வாங்கினார்கள், பிறகு வந்த எத்தனையோ நல்ல ஐரிஸ்கள் அதன் வழியில் பிறந்தவை.

இனி கடல் தாண்டும் செலவு. அமெரிக்காவிலிருந்து செடி வர வேண்டுமானால், பூச்சியோ நோயோ இல்லை என்று அங்குள்ள அதிகாரி பார்த்துத் தரும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின், 2021 முதல், பிரான்சிலிருந்து வரவழைத்தாலும் இதே கதைதான். சான்றிதழ்க் கட்டணம் கிழங்கின் விலையைப் பார்ப்பதில்லை. ஒரு பொதிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. உள்ளே ஒன்று இருந்தாலும் ஐம்பது இருந்தாலும் ஒன்றுதான். தபாலும் சேர்த்து 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 8 டாலர் கிழங்கு 108 டாலராகிவிடும். அந்தப் பழைய வகையை இங்கேயே யாராவது பெருக்கி விற்றுக்கொண்டிருப்பார்கள். இங்கே கிடைக்காத புது வகைக்கு மட்டும் அந்த நூறு டாலரைச் செலவழியுங்கள். அதையும் பத்துப் பேர் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைத்தால் தலைக்குப் பத்து டாலரோடு முடிந்துவிடும். சான்றிதழ் இல்லாமல் பரிசுப் பொருள் என்று எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள். எல்லையில் பிடித்தால் அழித்துவிடுவார்கள். வட அமெரிக்காவில் ஐரிஸ் கிழங்கைத் துளைக்கும் புழு ஒன்று உண்டு. அது இங்கே வந்து சேர்ந்தால் எல்லோர் தோட்டத்துக்கும் கேடு.

எதை வாங்குவது? படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நீலமும் ஊதாவும் கேமராவில் சரியாக வருவதில்லை. 'சிவப்பு' என்று விற்பதெல்லாம் செம்பழுப்பு அல்லது மெரூன். உண்மையான சிவப்புத் தாடி ஐரிஸ் இன்னும் யாரிடமும் இல்லை. நான் முதலில் பார்ப்பது தண்டில் எத்தனை கிளை, எத்தனை மொட்டு என்பதைத்தான். மூன்றே மொட்டு என்றால் எவ்வளவு அழகான பூவானாலும் சில நாளில் முடிந்துவிடும். ஏழு எட்டு மொட்டு இருந்தால் கேட்ட விலை தகும். உயரம், பூக்கும் பருவம், தாய் தந்தைச் செடிகள் ஆகியவை 1920இல் தொடங்கிய அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கும். பதக்கத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு தகவல்: ஐரிஸ்களுக்கான மிக உயர்ந்த விருதான டைக்ஸ் பதக்கம், ஒரு வகை அறிமுகமாகிப் பல ஆண்டுகள் கழித்தே அதற்குக் கிடைக்கும், அதற்குள் விலை இறங்கியிருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு அதுவும் நல்ல வழிதான்.

கிழங்குகள் ஜூலை, ஆகஸ்டில்தான் வரும். மண் கழுவி, இலையை வெட்டி, உலர்ந்த நிலையில் அனுப்புவார்கள். சுருங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், சில வாரம் தாங்கும். கிழங்கின் முதுகில் வெயில் படும்படி மேலாக நடுங்கள். அடுத்த வசந்தத்தில் பூக்காவிட்டால் பண்ணைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். இரண்டாம் வசந்தத்தில் பார்த்துத்தான் எடைபோட வேண்டும். புது வகைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், பண்ணையின் விற்பனைப் பட்டியல் வெளியான உடனேயே உங்கள் குழுவில் ஒருவர் எல்லோருடைய விருப்பத்தையும் சேர்த்து எழுதி அனுப்பிவிடுங்கள். இது கைகூடாவிட்டால் அது என்று இரண்டாம் தெரிவையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.