என் மாடல் கடைசியில் மெதுவாகிவிட்டது, அதற்குத்தான் இந்தக் கொண்டாட்டம்

வணக்கம் மக்களே. இங்கே மலேசியாவில், புக்கிட் மெர்தாஜாமில் நல்ல மழை, பின்னால் கூரைச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். தலை கலைந்திருப்பது எனக்கும் தெரியும். நேற்று இரவு மூன்று மணி வரை தூங்கவில்லை. கையில் வழக்கமான கோப்பி ஓ, இது இரண்டாவது குவளை.

போன மாத வீடியோவில் ஒரு கோடு காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? செம்பனைக் குலையின் நாரை என்சைம், அதாவது நொதி, கடித்துச் சர்க்கரையாக்குவதை லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தது. கோடு சர்ரென்று ஏறி நூறு விழுக்காட்டில் போய் உட்கார்ந்தது, அதாவது நார் மொத்தமும் சர்க்கரை. நானும் பெருமையாகக் கையெல்லாம் தட்டினேன். கீழே ஒரு அண்ணன், "தம்பி, நிஜத்தில் இப்படி வரவே வராது" என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் எரிச்சல். மூன்றாம் நாள் தேடிப் படித்தால், அவர் சொன்னதுதான் சரி. அண்ணே, இந்த வீடியோ உங்களுக்கு.

முதலில் இதைப் பாருங்கள். நிபோங் தெபாலில் இருந்து மாமா லாரியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த காலிக் குலை. ஆலையில் நீராவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சுவது. 100 கிலோ குலை உள்ளே போனால் 20 கிலோவுக்கு மேல் இப்படி வெளியே வரும். கிட்டே காட்டுகிறேன். முள் இருக்கிறது, நேற்று கட்டை விரலில் ஏறிவிட்டது. உள்ளே பிய்த்தால் தேங்காய் நார் மாதிரி, ஆனால் ஈரம், பழைய எண்ணெய் வாசம். அம்மா இதை வீட்டுக்குள்ளே விடமாட்டேன் என்றார், அதனால்தான் பின்கட்டில் நின்று பேசுகிறேன்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இதே கேள்வி வருகிறது. பெட்ரோல் நிலையத்தில் 2019 முதல் டீசலில் 10 விழுக்காடு கலக்கிறார்களே, அது செம்பனை எண்ணெயில் இருந்து வருவது. நான் பேசுவது எண்ணெய் அல்ல, இந்த நார். இதைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட்டிடம் கொடுத்து, எத்தனால் எடுப்பது. ஈஸ்ட் பாதியை நான் ஆப்ப மாவு வீடியோவிலேயே பேசிவிட்டேன். கஷ்டம் முழுக்க முதல் பாதியில்தான்.

ஏன் கஷ்டம்? சோற்றிலும் குளுக்கோஸ்தான், இந்த நாரில் உள்ள செல்லுலோஸிலும் குளுக்கோஸ்தான். சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும், நாரை நாள் முழுக்க மென்றாலும் பல்தான் போகும். வித்தியாசம் கோர்த்திருக்கும் விதம். அம்மா வெள்ளிக்கிழமை மல்லிகை கட்டும்போது ஒரு பூவை இப்படி, அடுத்ததை அப்படி என்று தலைமாற்றி வைப்பார், பார்த்திருப்பீர்கள். செல்லுலோஸில் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைமாறி நிற்கிறது. அதனால் சரம் நேராக நிற்கும், பக்கத்துச் சரத்தோடு ஒட்டிக் கெட்டியாகிவிடும். நம் எச்சிலில் இருக்கும் என்சைம் அதைத் தொடவே தொடாது.

தொடுகிற ஆள் ஒரு பூஞ்சை. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரங்கள், பருத்தித் துணிகள் எல்லாம் மக்கி விழுந்தன. மக்க வைத்தது யார் என்று தேடிப் பிடித்ததுதான் இது. பிறகு எல்வின் ரீஸ் என்ற விஞ்ஞானியின் பெயரால் டிரைக்கோடெர்மா ரீசெய் என்று பெயர் வைத்தார்கள். கூடாரத்தைத் தின்ற பூஞ்சையை இன்றைக்குத் தொழிற்சாலையில் வளர்த்து என்சைம் எடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வில்லன் இது.

அதன் முக்கியமான என்சைம் செல்-7ஏ. உடம்பில் 5 நானோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம். சரத்தின் நுனியை அதற்குள் இழுத்து, இரண்டிரண்டு குளுக்கோஸாக வெட்டிக்கொண்டே நடக்கும். ஒரு அடி எடுத்து வைத்தால் 1 நானோமீட்டர். இதன் வடிவம் 1994-லேயே வெளியாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இறக்கினேன். அங்கேதான் விசிறிக் கதை ஆரம்பம்.

அணு அணுவாக ஓட்டலாம் என்று ஆசைப்பட்டு லேப்டாப்பை விட்டேன். சூட்டில் அடியில் வைத்திருந்த ரப்பர் பாய் ஒட்டிக்கொண்டது. உடனே ஆன்லைனில் ஒரு விசிறித் தட்டு வாங்கினேன், 39 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு. ஐந்து விசிறி என்று படத்தில் இருந்தது. வந்தது ஐந்துதான். சுற்றியது இரண்டு! மீதி மூன்றும் அழகுக்கு. நீல விளக்கு மட்டும் ஐந்திலும் எரிகிறது. எனக்கு விளக்கு எதற்கு? விற்றவருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன், "வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள்" என்றார். செருகினேன். இரண்டு ஒன்றாகக் குறைந்தது. 40 வெள்ளிக்கு பிறை ஊர்க் கடையில் எத்தனை ரொட்டி சானாய் சாப்பிட்டிருக்கலாம், நீங்களே கணக்குப் போடுங்கள்.

சரி, அணுக் கணக்கு. இந்த வகை மாடலில் ஒவ்வொரு கணக்குப் படியும் 2 ஃபெம்டோ விநாடி, அதாவது ஒரு விநாடியை ஐந்து கோடி கோடியாக உடைத்ததில் ஒரு துண்டு... சரி, இப்படிச் சொல்கிறேன். என்சைம் ஒரு அடி வைக்க ஏறக்குறைய ஏழில் ஒரு விநாடி. அதை அணு அளவில் காட்ட 70 லட்சம் கோடி படி வேண்டும். என் லேப்டாப் விநாடிக்கு 1000 படி போட்டால்கூட 2200 வருடம். திருவள்ளுவர் ஆண்டு ஒன்றில் ஓட்ட ஆரம்பித்திருந்தால் இன்னும் முடிந்திருக்காது. பெரிய ஆய்வுக்கூடங்களே ஒரு அடியைத் துண்டு துண்டாகத்தான் ஆராய்கின்றன.

அதனால் அணுவை விட்டேன். என்சைம் ஒரு புள்ளி, சரம் ஒரு வரிசைக் கட்டம். பைத்தான் நிரல்மொழியில் 200 வரிசை, வரிசைக்கு 500 கட்டம். பல்லாங்குழி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நான் செய்த தப்பு இங்கேதான். மைக்கேலிஸ், மென்டன் இருவரும் 1913-இல் என்சைம் வேகத்துக்கு எழுதிய சமன்பாட்டை அப்படியே போட்டுவிட்டேன். அது நல்ல சமன்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது தண்ணீரில் கரைந்த சர்க்கரை. கரைசலில் என்சைம் எங்கே திரும்பினாலும் இரை கிடைக்கும். இந்த நார் கரையாது. திடப்பொருளின் மேல் ஊர்ந்து போக வேண்டும், முன்னால் ஒருவன் நின்றால் பின்னால் வருகிறவன் நிற்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்! ஜப்பானில் கியோஹிகோ இகராஷி குழு, 2011-இல். அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தால், விநாடிக்கு ஏறக்குறைய 7 நானோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்து, ஒன்றின் பின் ஒன்றாக முட்டி நிற்கின்றன. அந்த வேகத்தில் என் கலைந்த தலைமுடி ஒன்றின் குறுக்கே நடக்கவே மூன்று மணி நேரம் ஆகும். அவர்கள் அதைப் போக்குவரத்து நெரிசல் என்றே எழுதினார்கள். எனக்கு முதலில் பினாங்குப் பாலம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் பாலத்தில் மோட்டார்சைக்கிள் சந்தில் புகுந்து போய்விடும், நானே தினமும் அப்படித்தான் வேலைக்குப் போகிறேன். இங்கே முந்தவே முடியாது. இது தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் தேங்காய் உடைக்க உடைக்க ரதம் நிற்கும், ரதம் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான்.

அந்த ஒரு வரியைத்தான் நேற்று எழுதினேன்: முன் கட்டத்தில் ஆள் இருந்தால் நில். ஓட்டினேன். நாலு விழுக்காட்டில் மொத்தமும் நின்றுவிட்டது. நாலு! அரை மணி நேரம் திரையையே முறைத்தேன்.

ஆ, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், சுரங்கத்தைப் பற்றிப் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும். மாட்டிக்கொண்ட என்சைம் எப்போதாவது சரத்தை விட்டுக் கழன்று வரும். ஆனால் சுரங்கத்துக்குள் சரம் இருப்பதால் சுலபத்தில் கழலாது, வெட்டுவதைவிட விடுபடுவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. நான் கழலவே விடவில்லை. முதலில் முட்டியது அங்கேயே நிற்க, பின்னால் எல்லாம் வரிசை கட்டிவிட்டன. கழலும் வாய்ப்பைக் கொஞ்சமாகச் சேர்த்தேன். இரண்டு மணி நாற்பதுக்குக் கோடு மெல்ல ஏறி, வளைந்து, 60-க்குப் பக்கத்தில் படுத்தது. புத்தகத்தில் இருக்கும் சோர்ந்த கோடு அப்படியே! கத்திவிட்டேன். அம்மா எழுந்து வந்து, வாளியில் இருந்த குலையைப் பூனை இழுத்துப் போட்டதோ என்று பார்த்துவிட்டுப் போனார்.

தூக்கம் போய்விட்டதே என்று இன்னொன்றும் செய்தேன். சரத்தின் நடுவில் வெட்டும் வேறு என்சைமை 40 சேர்த்தேன். நடுவில் வெட்டினால் புது நுனி, புது நுனி என்றால் செல்-7ஏ ஏற இன்னொரு வாசல். 78-க்குப் போனது. தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் சேர்ந்துகூட அவ்வளவு வரவில்லை. பூஞ்சை ஏன் பல என்சைமைக் கலந்து விடுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாரைப் பசை மாதிரிப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினை இன்னும் சேர்க்கவில்லை, அண்ணே, நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என்சைம் அதில் சும்மா ஒட்டிக்கொண்டு வீணாகும், இந்த நாரில் அது நிறையவே இருக்கிறது. அடுத்த வீடியோ அதுதான். குலை அதுவரை இந்த வாளியிலேயே இருக்கும். இதோ, இந்த மூலையில் வெள்ளையாக நூல் நூலாக வர ஆரம்பித்திருக்கிறது, தெரிகிறதா? பாட்டி தோட்டத்தில் இருந்தபோது மழை விட்ட மறுநாள் காலிக் குலைக் குவியலில் காளான் பறித்து வருவார். எனக்குக் காளான் பிடிக்காது, வழவழப்பு ஆகாது, ஆனால் இதை வளரவிட்டுத்தான் பார்க்கப் போகிறேன்.

இருங்கள், போன் அடிக்கிறது. விசிறி விற்றவர். "12 வெள்ளி திருப்பித் தருகிறோம், ஐந்து நட்சத்திரம் போடுங்கள்" என்கிறார். சுற்றுகிற விசிறிக்கு ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான் போடுவேன்.