கொப்போடு கொப்பு

நேயர்களுக்கு வணக்கம். வன்னிக் காட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லாரும் யானையில்தான் தொடங்குவார்கள். எனக்கு மர அணிலைப் பற்றிப் பேசத்தான் விருப்பம். முற்றத்தில் ஓடித்திரியும் கோட்டு அணில் இல்லை. இது ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாத நிறை, உடம்பளவுக்கு வால். உலகத்திலேயே இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுந்தான் இந்த இனம் உண்டு. தமிழ்நாட்டில், ஸ்ரீவில்லிபுத்தூரில், இதற்கென்றே 1988இல் ஒரு சரணாலயம் அமைத்தார்கள்.

இந்த அணில் நிலத்துக்கு இறங்குவது மிக அரிது. சாப்பாடு, நித்திரை, குட்டி வளர்ப்பு எல்லாம் மேலேதான். அதனால் காட்டில் எத்தனை மரம் நிற்கிறது என்பது அதற்குப் பெரிய விசயமில்லை. கொப்போடு கொப்பு முட்டுகிறதா என்பதுதான் கேள்வி. பாய்ந்தால் ஆறு மீற்றர் போகும். அதைவிட அகலமாக வெளி விழுந்தால், அந்தப் பக்கத்துக் காடு அதற்கு இல்லாத காடு.

கூடு கட்டுகிற மரத்தையும் இப்படிப் பார்த்துத்தான் எடுக்கும். உச்சிக் கவட்டில் சுள்ளியும் இலையும் சேர்த்து உருண்டையாகக் கட்டும். அக்கம்பக்கத்து மரங்களின் கொப்புகள் அந்த மரத்தோடு பின்னியிருக்க வேண்டும். பருந்து வந்தால் ஓட வழி வேண்டுமல்லவா? ஒரு கூட்டோடு நிற்கவும் மாட்டாது, இரண்டு மூன்று வைத்திருக்கும்.

பாலைப்பழக் காலத்தில் அண்ணாந்து பாருங்கள். பின்னங்கால்களால் கொப்பைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, இரண்டு கையாலும் பழத்தைப் பிடித்துச் சாப்பிடும். வால் மற்றப் பக்கம் தொங்கி நிறையைச் சமன் செய்யும். பழம் முடிந்தால் விதை, பட்டை, பூ என்று எதையாவது தேடிக்கொள்ளும். கோடையில் அருவியாறு போன்ற ஆற்றங்கரைகளில் மருதமரங்கள் பச்சையாக, வரிசையாக நிற்கும். அணிலுக்கு அதுதான் பெருந்தெரு.

தேக்கந்தோட்டத்தையும் காடு என்று கணக்கில் போடுகிறோம். அங்கே அணில் தின்னத்தக்க பழம் இல்லை, கோடையில் இலையும் கொட்டிவிடும்.

சரி, கொப்புகளைப் பிரிக்கிறது என்பதற்காக றோட்டுப் போடாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டு வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் கடக்கவென்று றோட்டுக்கு மேலாகப் பாலம் கட்டியிருக்கிறார்கள். நமது உள்றோட்டுகளுக்கு அவ்வளவு செலவு வேண்டாம் என்பேன். இரு கரையிலும் நிற்கிற பெரிய மரங்களில், மின்கம்பியில் படாத கொப்புகளைத் தறிக்காமல் விட்டால் போதும். காணி துப்பரவாக்கும்போது ஆற்றங்கரை மருதுகளில் டோசரைப் போடாதீர்கள். நன்றி, வணக்கம்.