கேஸ் தீர்ந்துபோவதில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

ஏசி சரியாகக் குளிர்விக்கவில்லை என்றதும் பல வீடுகளில் எழும் முதல் பேச்சு, "கேஸ் போட வேண்டும்" என்பதுதான். ஆண்டுதோறும் கேஸ் நிரப்பியே ஆக வேண்டும் என்று நம்புகிறவர்களும் உண்டு. பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அழுத்தமாகச் சொல்கிறேன்: அந்தக் கேஸ், வண்டிக்குப் போடும் பெட்ரோலைப் போலச் செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே திரவமாகும்போது அதை விட்டுவிடுகிறது. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

கசிவை அடைக்காமல் நிரப்பிவிட்டுப் போனால் அதுவும் மெல்ல வெளியேறிவிடும். பணம் மட்டுமா போகிறது? ஆர் 410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். புதிய ஏசிகளில் வரும் ஆர் 32 அதில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், அது தீப்பற்றக்கூடியது. ஆகவே கேஸ் குறைவு என்று யாராவது சொன்னால், "எங்கே கசிகிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். குழாய்கள் சேரும் இடத்தில் சோப்பு நுரை தடவினாலே பல கசிவுகள் குமிழிவிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அடைத்த பிறகு வெக்யூம் பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். பிறகு, இயந்திரத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எடைக்குத் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். கூடுதலாக நிரப்பினாலும் மின்சாரம் வீணாகும். தராசு எடுத்து வராதவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

உண்மையில் குளிர் குறைவதற்கு மிகச் சாதாரணமான காரணம் தூசிதான். ஃபில்டர் அடைத்துக்கொண்டால், கேஸ் ஓடும் குளிர்ந்த குழாய்ச் சுருளான 'காயில்' வழியாகக் காற்று போதுமான அளவு செல்லாது. வெப்பம் வந்து சேராத காயில், 0 டிகிரிக்கும் கீழே போய், மேலே படியும் ஈரம் பனிக்கட்டியாக உறைகிறது. பனி படிந்ததைப் பார்த்து நன்றாகக் குளிர்கிறது என்று மகிழ வேண்டாம். மூச்சுத் திணறுகிறது என்பதற்கான அடையாளம் அது. உடனே குளிரூட்டலை நிறுத்திவிட்டு, விசிறியை மட்டும் ஓடவிட்டுப் பனி உருகும்வரை காத்திருங்கள். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் மறுபடி உறைந்தால் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். தினமும் ஓடும் ஏசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டினால் போதும்.

வெளியே இருக்கும் யூனிட்டைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம். வீட்டு வெப்பம் முழுவதும் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதைச் சுற்றி மூட்டை முடிச்சுகளை அடுக்கினால், தான் ஊதிய சூடான காற்றையே அது மறுபடி இழுக்கும். உள்ளே அழுத்தம் ஏறும். கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும். மின் கட்டணத்தின் பெரும்பகுதி அந்தக் கம்ப்ரசரிலிருந்துதான் வருகிறது. வெளி யூனிட்டின் தகடுகளில் படிந்த தூசியை, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, மெதுவான நீரால் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். மின்பெட்டி மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

வெப்பநிலையை 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பதும் தவறான எண்ணமே. இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏசியில் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான்; எண்ணைக் குறைத்தால் அது நிற்காமல் ஓடும், அவ்வளவே. 25 அல்லது 26-இல் வைத்து மின்விசிறியையும் சுழலவிட்டால் பெரும்பாலோருக்கு இதமாகவே இருக்கும். மின்விசிறி உடம்புக்கு இதம் தருமே தவிர அறையைக் குளிர்விக்காது. ஆள் இல்லாத அறையில் அதை நிறுத்திவிடுங்கள். வெயில் விழும் ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே நிழல் அமைப்பது மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தை, காசு கொடுத்துத்தானே வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது?

குளிர்காலத்துக்கும் இதே கணக்குதான். கம்பிச் சுருள் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். சூடாக்கும் வசதியுள்ள ஏசியோ வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், மிதமான குளிரில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தரும். அதற்கும் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும்.

எரிவாயுவில் ஓடும் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் சிக்கனத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி அடைத்தாலோ எரிவதற்குக் காற்று போதாமல் போனாலோ கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை தகுதியுள்ளவரை அழைத்துச் சோதியுங்கள். எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையறைக்கு அருகில் பொருத்துங்கள். ஹீட்டர் எரியும்போது வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியோ குமட்டலோ வந்தால், காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லாரும் உடனே வெளியே வந்துவிடுங்கள். அங்கிருந்து உதவிக்கு அழையுங்கள்.

வணக்கம்.